ஆரல்வாய்மொழிக் கால்

அந்த இரண்டு வருஷம் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போனால் படிப்பு, சம்பளம், வீடு வாசல் எல்லாம் பிற்பாடுதான். முதல் கேள்வி, "பையனுக்கு என்ன கால்?" என்பதுதான். கார் ஓட்டும் காலைச் சொல்கிறேன். அ என்றால் பெண் வீட்டார் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுவார்கள். ஈ என்றால் தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்து விடுவார்கள். காலே அடங்காதவன் குடும்பத்தை எப்படி நடத்துவான் என்று ஒரு நியாயம் வேறு சொல்வார்கள்.

இதெல்லாம் ஒரு சின்னப் பெட்டி செய்த வேலை. பெட்ரோல் தட்டுப்பாடு முற்றி, வண்டிக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கும் நிலைமை வந்தபோது, எரிபொருள் சிக்கன ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். வசதி உள்ளவர்கள் மின்சார வண்டிக்கு மாறிவிட்டார்கள். மாற முடியாதவர்களின் கார்களில் எல்லாம், ஸ்டியரிங் பக்கத்தில், சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். சாலையின் ஏற்ற இறக்கம், ஆள் பாரம், ஏசி, எஞ்சின் சூடு எல்லாம் அதற்குத் தெரியும். இந்த ஓட்டத்துக்கு இவ்வளவு பெட்ரோல் போதும் என்று அதுவே ஒரு கணக்குப் போடும். அதற்கு மேல் ஒரு சொட்டு செலவானாலும் பழி ஓட்டுகிறவர் காலின்மேல்தான். அ, ஆ, இ, ஈ, உ என்று எழுத்தைத் திரையில் காட்டும். எழுத்து இறங்க இறங்க பெட்ரோலும் குறையும். உ வந்துவிட்டால் வாடகைக்கு ஓட்டவே கூடாது.

போதாததற்கு அது பேசவும் செய்யும். "மிதியை மெல்ல அழுத்தவும்." "திடீர் பிரேக் தவிர்க்கவும்." அதனால் எல்லோரும் அதை வாத்தி என்று கூப்பிட்டோம்.

நான் ஆறுமுகநயினார். விபத்துக்குள்ளான கார்களைப் பார்த்து, இன்சூரன்ஸ் பணம் கேட்கிறவர் சொல்வது நிஜமா பொய்யா என்று கண்டுபிடிக்கும் உத்தியோகத்தில் காலம் தள்ளியவன். மனிதர்களை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற கையோடு என் இரண்டு சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் பணகுடியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் நான் நான்.

கூட்டிப் போவது சேர்மக்கனி. சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார், அவளே ஓட்டுவாள். கூட வருகிறவர் மகிமை டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கும் என் வியாதிதான். டயாலிசிஸ் முடித்து வெளியே வரும்போது உடம்பு பிழிந்து போட்ட வேட்டி மாதிரி இருக்கும். ஒரே ஒரு தடவை பஸ்ஸில் திரும்பினேன். காவல்கிணறு வருவதற்குள் மயங்கி, கண்டக்டர் மடியில் படுத்துத்தான் ஊர் வந்து சேர்ந்தேன். அந்தக் கார் இல்லையென்றால் எங்கள் இரண்டு பேர் கதையும் அவ்வளவுதான். இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை.

அப்படிப்பட்ட சேர்மக்கனியின் கால் ஈ.

ஆனி மாதம் ஆ, ஆடியில் இ, ஆவணியில் ஈ என்று படிப்படியாக இறங்கியது. அடுத்தது உ. உ விழுவதற்குமுன் ஒரே ஒரு தடவை முறையீடு செய்யலாம். புரட்டாசியில், ஆயுத பூஜை விடுமுறை முடிந்த மறுநாள், நாகர்கோவிலில் விசாரணை என்று தகவல் வந்தது.

"நான் ஒழுங்காத்தானே ஓட்டுதேன் அண்ணாச்சி. இந்த வாத்திக்கு எம்மேல என்ன கோவம்?" என்றாள்.

நான் என் பழைய உத்தியோகக் கண்ணை மாட்டிக்கொண்டு காரைச் சுற்றி வந்தேன். டயரில் காற்றைச் சரியாக அடிக்க வைத்தேன். காற்று குறைந்த டயர் பெட்ரோலைக் குடிக்கும். மேலே இருந்த கேரியரைக் கழற்றச் சொன்னேன். டிக்கியைத் திறந்தால் உள்ளே ஒரு குடும்பமே நடத்தலாம்: தண்ணீர் கேன், தேங்காய் மூட்டை, யாரோ விட்டுப்போன ஆட்டுக்கல். எல்லாவற்றையும் இறக்கினோம். ஜன்னலைத் திறந்து வைத்தால் வேகத்தில் காற்று உள்ளே புகுந்து இழுக்கும் என்று அதையும் மூடினோம். மகிமை டீச்சர் தன் பங்குக்குச் சாப்பாட்டுக் கேரியரில் இரண்டு அடுக்கைக் குறைத்துக்கொண்டார்.

வாத்தி ஒரு மயிரிழை இறங்கி வந்தது, அவ்வளவுதான். எழுத்து ஈயை விட்டு நகரவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு விஷயம். திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் வரும். அங்கே சேர்மக்கனி ஒவ்வொரு தடவையும் காரை நிறுத்துவாள். "அம்மனைக் கும்பிட்டுட்டு வாரேன்" என்று இறங்கிப் போவாள். போகிறவள் எஞ்சினை அணைத்துவிட்டுப் போகக் கூடாதா? ஏசி ஓடும், எஞ்சின் உறுமும், வாத்தி "வண்டி நிற்கிறது, எரிபொருள் வீண்" என்று புலம்பும். அவள் சாவகாசமாகத்தான் வருவாள். நான் அந்த நேரத்தில் பாதித் தூக்கத்தில் கிடப்பேன்.

"பக்தி வேண்டாங்கல. எஞ்சினை அணைச்சிட்டுப் போய்க் கும்பிடேன்மா. அம்மன் என்ன கோவிச்சுக்கவா போறா?" என்று ஒரு நாள் கடிந்தே சொன்னேன்.

"அது அம்மன் காரியம் அண்ணாச்சி. அதுல மட்டும் கணக்குப் பாக்காதிய" என்றாள். குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது. பக்தியும் பிடிவாதமும் ஒட்டிப் பிறந்தவை என்று முணுமுணுத்துவிட்டு விட்டேன்.

இதற்கிடையில் ஆணையத்தார் ஒரு புள்ளிவிவரத்தை வெளியிட்டார்கள். மாநிலத்திலேயே மோசமான கால்கள் எங்கள் வட்டாரத்தில்தானாம். தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து, இந்தப் பக்கத்து ஆட்களின் ரத்தத்திலேயே ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது என்று ஆராய்ந்தார்கள். கோபக்காரர்கள், அவசரக்காரர்கள், அதனால் மிதியைப் போட்டு மிதிக்கிறார்கள். 'ஆரல்வாய்மொழிக் கால்' என்று ஒரு பேரே வைத்துவிட்டார்கள். சென்னையில் எவனாவது சிக்னலில் உறுமினால், "என்னப்பா, ஆரல்வாய்மொழிக் காலா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். எனக்கு வயிறு எரிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதை நாங்களும் நம்பினோம். கால் கெட்டவன் என்ற பேர் யாருக்கு வேண்டும்? எங்கள் ஸ்டாண்டில் ஒவ்வொரு டிரைவரும் வாத்தியின் முகத்தை மூடி வைத்தார்கள். ஒருவர் துண்டைப் போட்டு மூடினார், ஒருவர் முருகன் படத்தை ஒட்டினார், ஒருவர் இயேசு படத்தை. கேட்டால், "நமக்கு எப்பவும் ஆ தான்" என்று மீசையைத் தடவினார்கள். வேலாயுதப் பெருமாள் என்று ஒரு டிரைவர், "கொஞ்சம் முயற்சி பண்ணினா அ வந்துரும்" என்று சேர்மக்கனிக்கே புத்தி சொன்னார். அவள் மாத்திரம் எதையும் மூடவில்லை. அதனால் ஊரில் ஈ கால் அவள் ஒருத்திதான் என்று ஆயிற்று.

ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் நவராத்திரி முந்தி வந்துவிட்டதால் காற்றுக்காலம் இன்னும் அடங்கவில்லை. ஸ்டாண்டில் கார்களைக் கழுவி வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் முகப்பிலும் இரண்டு பக்கம் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பானெட்டில் சந்தனம் தெளித்திருந்தார்கள். வாடிக்கையாளர் என்ற முறையில் நானும் போயிருந்தேன். மகிமை டீச்சர் சுண்டலுக்காக வந்திருந்தார். அதை அவரே ஒப்புக்கொண்டார். பூசாரி ஸ்பேனர், ஜாக்கி, சாவி என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார்.

"சாமி, வாத்திக்கும் ஒரு பொட்டு வச்சிருங்க. அதுவும் தொழில் சாமான்தான" என்றாள் சேர்மக்கனி.

பூசாரிக்கும் அது நியாயமாகப் பட்டது. "எல்லா வண்டியிலயும் தொறந்து வைங்கப்பா. ஆயுதத்த மூடி வச்சா பொட்டு எப்படி வைக்க?" என்றார்.

டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முடியாது என்றால் அபசகுனம். அரசாங்கத்தை ஏமாற்றலாம், பொண்டாட்டியை ஏமாற்றலாம். ஆயுத பூஜையில் தொழில் சாமானைப் பொட்டில்லாமல் விட எந்த டிரைவருக்குத் துணிச்சல் வரும்? துண்டு விலகியது. முருகன் உரிந்து வந்தார். இயேசுவையும் மெதுவாக எடுத்து டாஷ்போர்டில் வைத்தார்கள். பூசாரி முதல் காரில் குனிந்தார். ஈ. அடுத்த கார், ஈ. அதற்கடுத்தது, ஈ. வேலாயுதப் பெருமாள் தன் திரையைத் தொந்தியால் மறைத்து நின்று பார்த்தார். பூசாரி அவரை நகர்த்திவிட்டுப் பொட்டு வைத்தார். அங்கேயும் ஈ.

பிறகு யாரோ ஒருவர் சிரிக்க, ஸ்டாண்டே வெடித்துச் சிரித்தது. சேர்மக்கனி சிரிக்கவில்லை. இத்தனை மாதம் தான் ஒருத்திதான் என்று நினைத்துக் கூசிக்கொண்டிருந்தவள் அவள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேலாயுதண்ணே, எனக்குப் புத்தி சொன்னீயளே" என்று மட்டும் கேட்டாள். அவர் வாழைக்கன்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குள் பழைய மோப்ப நாய் முழித்துக்கொண்டது. எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் அதில் ஒரு சூது இருக்கும். மாறுபட்ட ஒருவன் இருந்தால் அவனிடம்தான் சங்கதி இருக்கும். வரிசையை ஒரு நடை நடந்து பார்த்தேன். கடைசிக்கு முந்திய காரில் ஆ இருந்தது. ஓட்டுகிறவன் பெயர் டார்வின். ஸ்டாண்டிலேயே தறிகெட்டு ஓட்டுகிறவன் என்று பேர் எடுத்தவன்.

"நீ எந்தப் பக்கம்டே ஓட்டுத?"

"நெல்லை சைடு மட்டும்தான் அண்ணாச்சி. மாமனார் வீடு நாகர்கோவில்லன்னு அந்தப் பக்கமே போறதில்ல."

அந்த நேரம் பார்த்துத் தட்டிலிருந்த பொரியைக் காற்று மொத்தமாக வாரிக்கொண்டு போயிற்று. மகிமை டீச்சர் பறந்து போகிற பொரியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். நாகர்கோவில் போகிற வழியில் இருக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகள் பக்கம் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினோம். சுண்டல் கையில் அப்படியே இருந்தது.

விசாரணைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். அதிகாரி இனியா என்று ஒரு இளம் பெண், ஆணையத்தின் உதவி இயக்குநர், கோயம்புத்தூர்க்காரர். திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து காரில் வந்திருந்தார். முகத்தில் சிடுசிடுப்பு இல்லை. அதுவே எனக்குச் சற்றுப் பயமாக இருந்தது. சிடுசிடுக்கிறவர்களை மடக்குவது சுலபம்.

"காத்துன்னு சொல்றீங்க. அதை நாங்க யோசிக்காம இல்லைங்க" என்றார். "அந்தக் கணக்கை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி. போறப்ப எதிர்காத்துன்னா வர்றப்ப பின்காத்து. அங்க போனது இங்க வந்துரும். கூட்டிக் கழிச்சா ஒண்ணுமில்லைங்க."

கேட்கும்போது எனக்கே சரியென்று பட்டது. சேர்மக்கனியின் முகம் விழுந்துவிட்டது. மகிமை டீச்சர்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு காலத்தில் பையன்கள் கடைசி பெஞ்சில் பதுங்கியது இந்தத் துடைப்பைக் கண்டுதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"மேடம், கார் அறுபதுல போகுது. காத்து முப்பதுல வருது. எதிர வந்தா வண்டி மேல எவ்வளவு மோதும்?"

"தொண்ணூறு."

"பின்னால இருந்து வந்தா?"

"முப்பது."

"காத்து தடுக்கிற பலம் வேகத்தோட ஏறாது, வேகத்தோட வர்க்கத்துல ஏறும். பூச்சியத்த விட்டுட்டு வாய்ப்பாடு சொல்லுங்க பாப்போம்."

அந்தப் பெண் சொல்லவும் செய்தார். "ஒன்பது ஒன்பது எண்பத்தொண்ணு. மூணு மூணு ஒன்பது. மொத்தம் தொண்ணூறு."

"காத்தே இல்லன்னா?"

"ஆறு ஆறு முப்பத்தாறு. ரெண்டு தடவை, எழுபத்திரெண்டு."

எழுபத்திரண்டும் தொண்ணூறும் ஒன்றல்ல என்பதைச் சொல்ல அவருக்கு யாரும் தேவைப்படவில்லை.

"போற கடன் வாற வட்டியில அடையாதும்மா" என்றார் டீச்சர். "நீங்க போட்டது சராசரி காத்து. வண்டி சராசரி காத்துல ஓடல. ஒவ்வொரு நாளும் அந்தக் கணவாய்க்குள்ள நிசக் காத்துல ஓடுது."

இனியா பேனாவை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "கணக்கு சரிதாங்க டீச்சர். ஆனா கணக்கை மட்டும் வச்சு நான் உத்தரவு போட்டா மேல இருக்கிறவங்க கிழிச்சுப் போட்ருவாங்க. மிதிச்சது கால் இல்லை, காத்துதான்னு காட்டணும். எப்படிங்க காட்டுவீங்க?"

என் முறை வந்துவிட்டது என்று தெரிந்தது. "மேடம், உங்க டிரைவர் கால் என்ன?"

"முத்தையாண்ணனா? ஆணையத்துலயே முதல் அ அவர்தான். அவரை வச்சுத்தான் மத்தவங்களுக்குப் பாடமே எடுத்தோம்."

"வாங்க, ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்."

வாசலில் ஆணையத்தின் கார் நின்றது. அவர்களும் ஆயுத பூஜை கொண்டாடியிருந்தார்கள். அரசாங்க வாகனம் அல்லவா, எங்களைவிட உயரமான வாழைக்கன்றுகள். இலை கிழிந்து, நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. முத்தையா எங்களைக் கண்டதும் அவசரமாக ஒரு துண்டை எடுத்து வாத்தியின்மேல் போட்டார். ஆணையத்துக்காரருக்கும் அதே புத்திதான் வந்தது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இனியா துண்டை எடுத்தார். இ.

"ரெண்டு நாளா இப்படித்தான் காட்டுது மேடம். நான் வழக்கம் போலத்தான் ஓட்டுறேன்" என்று முத்தையா தலையைக் குனிந்தார். பாவமாக இருந்தது.

"ரெண்டே நாள்ல ஒருத்தர் கால் கெட்டுப் போகுமா மேடம்?" என்றேன். "வாழைக்கன்னு காத்தைப் பிடிக்குது. அது வாத்திக்குத் தெரியல. அதனால அண்ணன் காலைப் பிடிச்சிக்கிட்டுது. இந்த ரெண்டு நாள்ல மாநிலம் பூரா எத்தனை கால் கெட்டிருக்குன்னு கேட்டுப் பாருங்க."

அவர் கேட்டார். போனைக் காதில் வைத்துக்கொண்டு மர நிழலில் அங்கும் இங்கும் நடந்தார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. மாநிலம் முழுவதும் எழுத்துகள் சரிந்து கிடக்கின்றனவாம். பண்டிகை நாளில் மக்கள் பொறுப்பில்லாமல் ஓட்டுகிறார்கள் என்று கண்டித்து அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். ஆணையத் தலைவரின் காரே ஈயாம்.

"அறிக்கையை நிறுத்தச் சொல்லிட்டேங்க" என்றார். பிறகு சேர்மக்கனியிடம் கையை நீட்டினார். "அக்கா, சாவி கொடுங்க. நான் ஓட்டுறேன். என் காலும் அ தான்."

வாழைக்கன்றுகளை நாங்கள் முந்தின நாளே அவிழ்த்திருந்தோம். இனியா ஓட்ட, சேர்மக்கனி பக்கத்தில், நானும் டீச்சரும் பின்னால். காவல்கிணறு வரை பின்காற்றில் மிதந்து போனோம். "மிக நன்று" என்றது வாத்தி. அந்தப் பெண் முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளின் சந்தோஷம் தெரிந்தது. காவல்கிணற்றில் திரும்பினோம். கணவாய் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

முப்பந்தலை நெருங்கும்போதே கார் குலுங்கியது. இருபுறமும் காற்றாலைகள் வெறி பிடித்துச் சுற்றின. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மிதியை மெல்ல அழுத்தவும்" என்றது வாத்தி.

"மெல்லத்தானே அழுத்தறேன்!"

"ஓட்டுநர் பொறுமை காக்கவும்."

"நான் பொறுமையாத்தான் இருக்கேன்!" என்று இனியா பெட்டியைப் பார்த்துக் கத்தினார். நாங்கள் மூன்று பேரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். சேர்மக்கனிக்குத் தோள் குலுங்கியது. நாகர்கோவிலில் வந்து நின்றபோது திரையில் எழுத்து வந்தது. ஈ.

அந்தப் பெண் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியைச் சேர்மக்கனியிடம் கொடுத்தார். "நாங்க எல்லாத்தையும் கழிச்சோம்னு நினைச்சோங்க. மிச்சம் நின்னதுக்கு மனுஷன்னு பேர் வச்சிட்டோம்" என்றார். மறைக்காமல் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

சேர்மக்கனிக்கு வரவிருந்த தடையை அங்கேயே நிறுத்தி வைத்து உத்தரவு போட்டார். காற்றாலைகள் அளக்கும் காற்றைத்தான் இனி வாத்தியும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மேலே எழுதினார், சண்டை போட்டார், ஜெயித்தார். ஐப்பசியில் ஒரு காலை நேரம், பழைய ஓட்டங்களை எல்லாம் காற்றைக் கழித்துத் திருத்திய கணக்கு ஒரே சமயத்தில் எல்லா வண்டிக்கும் வந்து சேர்ந்தது. எங்கள் ஸ்டாண்டில் துண்டு, படம் எதுவும் மூடாமல் எல்லாத் திரையும் திறந்து கிடந்தன. இ, ஆ, ஆ, இ, அ! வேலாயுதப் பெருமாளுக்கு நிஜமாகவே ஆ வந்துவிட்டது. மனிதர் தாரை தாரையாக அழுதார். தீபாவளிக்கு வாங்கி வைத்த சரவெடி அன்றைக்கே வெடித்தது. தெற்கத்தி ரத்தத்தை ஆராய்ந்தவர்கள் அன்று தொலைக்காட்சியில் வேறு எதையோ ஆராய்ந்தார்கள். கல்யாணப் பேச்சு முறிந்த இரண்டு வீடுகளில் மறுபடி பஜ்ஜி போட்டார்கள். எங்கள் டார்வினுக்கு மட்டும் ஆ போய் ஈ வந்தது. எல்லோருக்கும் பொதுவாகக் கொஞ்சம் தாராளமாகப் போட்டிருந்த பழைய அளவு, காற்றைத் தனியாகக் கழித்ததும் இறுகிவிட்டது; காற்றில்லாத பாதையிலும் அவன் தறிகெட்டுத்தான் ஓட்டியிருந்தான் என்பது அதில் வெளியே வந்துவிட்டது.

சேர்மக்கனிக்கு ஆ. பெட்ரோல் முழுப் பங்கு. சந்தோஷத்தில் எனக்கும் டீச்சருக்கும் எலுமிச்சம்பழ மிட்டாய் ஆளுக்கொன்று கொடுத்தாள். எங்கள் வியாதிக்கு டாக்டர் அனுமதி அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இவள் ஓட்டத்துக்கு அ அல்லவா வர வேண்டும்? இனியாவுக்குப் போன் போட்டேன்.

"நானே பார்த்தேன் சார்" என்றார். "காத்தைக் கழிச்சா அவங்க ஓட்டம் மாநிலத்துலயே முதல் வரிசை. ஆனா ஒரு இடத்துல வீண் இருக்குதுங்க. முப்பந்தல்ல வண்டியை நிறுத்திட்டு எஞ்சினும் ஏசியும் ஓட விடறாங்க. அது காத்து இல்லைங்க சார், அவங்கதான்."

"அது அம்மன் காரியம் மேடம். பக்தி. சொன்னாக் கேக்க மாட்டா."

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"பக்தின்னா எல்லா நாளும் நிக்கணுமே சார். நீங்களும் டீச்சரும் வண்டியில இல்லாத நாள்ல அவங்க அங்க ஒரு நொடி கூட நிக்கலைங்க. போறப்பவும் நிக்கறதில்லை. ஆஸ்பத்திரியில இருந்து உங்களைக் கூட்டிட்டு வர்றப்ப மட்டும்தான்."

போனை வைத்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முப்பந்தல் வரும்போதுதான் எனக்குக் கால் நரம்பு சுண்டி இழுக்கும், தலை சுற்றும். பல்லைக் கடித்துக்கொண்டு காட்டிக்கொள்ளாமல் வருவேன். கார் நின்று, அந்தக் குளிர்ச்சியில் ஒரு கண் அசந்தால் சரியாகிவிடும். எல்லாம் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். ஈ விழுந்து, உ வாசலில் நின்றபோதும் அவள் எஞ்சினை அணைக்கவில்லை. அதற்கு நான் திட்டியிருக்கிறேன். ஊரெல்லாம் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கிய எனக்கு இதைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை.

அடுத்த டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது ஆரல்வாய்மொழியைத் தாண்டினோம். நரம்பு இழுக்கத் தொடங்கியது. கார் மெல்ல ஓரம் கட்டியது.

"அம்மனைக் கும்பிட்டுட்டு வாரேன் அண்ணாச்சி."

"நல்லாக் கும்பிட்டுட்டு வாம்மா. அவசரமில்ல."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். "வண்டி நிற்கிறது. எரிபொருள் வீண்" என்று வாத்தி ஆரம்பித்தது.

"வாயை மூடும்வே" என்றார் மகிமை டீச்சர், கண்ணைத் திறக்காமலே.

நான் அன்று தூங்கவில்லை. இமையை லேசாகத் திறந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காற்றில் சேலைத் தலைப்பு படபடக்க, சேர்மக்கனி வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். கோயில் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.